டி.சி. தராத கடைக்காரர்கள்

என் மாமா திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஊர்ப் பெயரைக் காப்பாற்ற வாசலில் நாலு மாங்காய்ப் பூட்டு தொங்கும். விற்பனை ஆவது பெரும்பாலும் அலிகார் பூட்டுதான். அதை மாமா சத்தமாகச் சொல்லமாட்டார். அப்படி பூட்டிலேயே பிழைக்கிற மனிதருக்கு மூன்று மாதம் ஒருவர் பூட்டுப் போட்டு வைத்திருந்தார். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

கடைக்கு ஒரு இணையதளம் உண்டு. சில வருடங்களுக்கு முன் உள்ளூர்த் தம்பி ஒருவர் செய்து கொடுத்தது. தளத்தின் முகவரியான டொமைன் பெயரையும் அவரே வாங்கினார், அவருடைய இமெயிலில், அவருடைய பெயரிலேயே. நம் ஊரில் முக்கால்வாசிக் கடைகளின் கதை இதுதான் என்பது என் அனுபவம். முதல் வருடம் 99 ரூபாய். இந்த வருடப் புதுப்பிப்பு பில்லைப் பார்த்த மாமா எனக்கு போன் போட்டார். "மாப்ள, ஒரு பேருக்கு ஆயிரத்து அறுநூறா? பேரு வைக்கிற ஜோசியருக்கே நான் அவ்வளவு தரலையே."

வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் மாமா, சுலபம்தான் என்று நான் சொன்னேன். அந்த "சுலபம்தான்" என்ற சொல்லை அவர் இன்னும் மறக்கவில்லை.

நான் செய்த முதல் தப்பு, ஒழுங்காகச் செய்ய நினைத்தது. முதலில் பெயரையும் இமெயிலையும் மாமாவுக்கு மாற்றுவோம், அப்புறம் டொமைன் விற்ற கடையை மாற்றுவோம் என்று போனேன். அந்தத் தம்பி இப்போது துபாயில் இருக்கிறார். நல்ல மனிதர், வாட்ஸ்அப்பிலேயே ஓடிபி அனுப்பி உதவினார். பெயர் மாறியது. மறுநாள் மாற்றல் கேட்டால், "உரிமையாளர் விவரம் மாறியதால் 60 நாளைக்கு இந்த டொமைன் நகராது" என்று பதில். இது டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகேன் அமைப்பின் விதியிலேயே இருக்கிறது, 2016 டிசம்பர் முதல். பெயரோ நிறுவனமோ இமெயிலோ மாறினால் 60 நாள் பூட்டு. ஆனால் அதே விதியில், இந்தப் பூட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தரலாம் என்றும் இருக்கிறது. கவனியுங்கள், தரலாம், தரவேண்டும் என்று இல்லை. மாற்றுவதற்கு முன்பே சொல்லவும் வேண்டும், மாற்றிய பிறகு சொன்னால் செல்லாது. எங்களுக்கு அப்படி ஒரு கட்டம் திரையில் வந்ததா என்றே எனக்கு ஞாபகமில்லை. வந்திருந்தால் அது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்கவேண்டிய அளவில் இருந்திருக்கும்.

டொமைன் காலாவதியாக அப்போது 40 நாள்தான் இருந்தது. 60 நாள் பூட்டு, 40 நாள் கெடு. கணக்கு புரிகிறதல்லவா? பழைய கடையிலேயே 1,600 ரூபாய் கட்டினார் மாமா. அந்த ஒரு வருடம் டொமைனோடு கூடவே வந்துவிடும், வீணாகாது என்று சமாதானம் சொன்னேன். அது உண்மையும்கூட. ஆனால் அந்தக் காசு எந்தக் கடைக்குப் போகக்கூடாது என்று இதையெல்லாம் ஆரம்பித்தாரோ அந்தக் கடைக்குத்தான் போனது.

60 நாள் முடிந்து ஆத் கோடு கேட்டோம். டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராரிடம், அதாவது டொமைன் விற்கும் வேறு கடைக்காரரிடம் கொண்டுபோக இந்த ரகசிய எண் வேண்டும். சாட்டில் வந்தவர் முதலில் "ஏன் போகிறீர்கள்?" என்றார். அப்புறம் தள்ளுபடி தருகிறேன் என்றார். மூன்று மாதத்துக்கு முன் இந்தத் தள்ளுபடி எங்கே இருந்தது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு படிவம் வந்தது. லெட்டர்ஹெட்டில் கையெழுத்து, கடை முத்திரை, பான் அட்டை நகல்.

எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். அதே கணக்கில், அதே நாளில், அந்தத் தளம் எந்த சர்வரைக் காட்டவேண்டும் என்பதை நான் ஒரே க்ளிக்கில் மாற்ற முடியும். நேம்சர்வரை மாற்றினால் கடையின் மொத்த வாசலே வேறு தெருவுக்குப் போய்விடும், இமெயில் உட்பட. அதற்கு முத்திரை வேண்டாம், பான் அட்டை வேண்டாம். கடையை விட்டுப் போவதற்கு மட்டும் வேண்டும். ஐகேனின் மாற்றல் கொள்கை இதைத் தெளிவாகத் தடுக்கிறது. தொடர்பு விவரத்தையோ நேம்சர்வரையோ மாற்றுவதற்கு வைத்திருக்கும் முறையைவிடக் கடினமான முறையைக் கோடு தருவதற்கு வைக்கக்கூடாது என்பது அதன் விதி. அந்த வரியை அப்படியே எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. ஆனால் படிவம் பற்றிய பேச்சும் அதோடு நின்றது. ஐந்தாம் நாள் இரவு கோடு வந்தது. ஐந்து நாள் என்பது விதி தருகிற உச்ச வரம்பு. இவர்களுக்கு அதுதான் வேலை நேரம்.

கோடைப் புதிய இடத்தில் போட்டதும், பழைய இடத்திலிருந்து "நீங்கள் நிஜமாகவே போகிறீர்களா?" என்று ஒரு மெயில் வரும். பதில் சொல்லாவிட்டால் ஐந்து நாளில் தானாகப் போய்விடும். சீக்கிரம் சம்மதம் சொல்ல சிலர் பட்டன் வைத்திருப்பார்கள். எங்களுக்கு வந்த மெயிலில் தடுக்க மட்டும்தான் பட்டன் இருந்தது. அதில் இன்னொரு ஐந்து நாள்.

டி.சி. வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு அலைந்தவர்களுக்கு இந்த வாசனை தெரிந்திருக்கும். பையனை வேறு பள்ளியில் சேர்க்கப் புதுப் பள்ளி டி.சி. கேட்கும். பழைய பள்ளி, பாக்கியைக் கட்டு, ஹெட்மாஸ்டர் லீவு, திங்கட்கிழமை வா என்று இழுக்கும். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம், டி.சி. என்பது கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. டொமைன் விதியிலும் அச்சு அசலாக அதே விஷயம் உண்டு: பணத் தகராறு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆத் கோடைத் தர மறுக்கக்கூடாது. விதி எழுதியவர்களுக்கும் நீதிபதிகளுக்கும் ஒரே குணமுள்ள ஆட்கள்தான் தட்டுப்பட்டிருக்கிறார்கள்.

ஆக, விதி இல்லை என்பது பிரச்சினையே இல்லை. விதி எக்கச்சக்கம். சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. என்னை இழக்கப்போகிறவரிடமே போய், நான் உங்களை விட்டுப் போக உதவுங்கள் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

இது இன்று நேற்று வந்ததல்ல. 1999 வரை .காம் பெயர் விற்றது நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே நிறுவனம். அந்த வருடம்தான் போட்டி திறந்தது, முதல் சுற்றில் ஐந்து நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. கடைகள் பெருகியதும் இழுபறியும் தொடங்கியது. வாடிக்கையாளர் வாய் திறந்து சம்மதம் சொல்லாவிட்டால் மாற்றலைத் தானாகவே நிராகரிப்பது என்று சில பெரிய ரெஜிஸ்ட்ரார்கள் வைத்துக்கொண்டார்கள். மெயிலைப் பார்க்காதவர்கள் எல்லாரும் விசுவாசமான வாடிக்கையாளர்கள் என்று கணக்கு. 2004 நவம்பரில் வந்த கொள்கை இதைத் திருப்பிப் போட்டது: மௌனம் என்றால் சம்மதம்.

எதிர்த்திசையிலும் ஆட்டம் நடந்தது. உங்கள் டொமைன் காலாவதியாகிறது, உடனே பணம் கட்டுங்கள் என்று அடுத்த கடையின் வாடிக்கையாளருக்குக் கடிதம் போடுவது. புதுப்பிக்கிறோம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டால், உண்மையில் மாற்றலுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இதற்காக 2003-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தோடு சமரசத்துக்கு வந்த நிறுவனங்களில் பழைய ஏகபோகியான நெட்வொர்க் சொல்யூஷன்ஸும் ஒன்று. கடிதம் அனுப்புகிறவர்களின் சந்ததி இன்னும் அழியவில்லை. மாமாவுக்கே இரண்டு வந்திருக்கின்றன.

பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2005 ஜனவரியில், நியூயார்க்கின் பழைய இணையச் சேவை நிறுவனமான பேனிக்ஸின் டொமைன் ஒரு வார இறுதியில் களவு போனது. உரிமையாளருக்குத் தெரியாமலே ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஐடி என்ற ரெஜிஸ்ட்ராரிடம் மாறியிருந்தது. அவர்களுடைய மறுவிற்பனையாளர் ஒருவர் உரிமையாளரின் சம்மதத்தைச் சரிபார்க்கவில்லை. வாடிக்கையாளர்களின் மெயில் எல்லாம் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. மீட்க இரண்டு நாளானது. மௌனம் சம்மதம் என்று ஆக்கி இரண்டே மாதத்தில் இது நடந்ததால், பார்த்தீர்களா என்று சொல்லப் பலருக்கு வசதியாகிவிட்டது. திருடனுக்குப் போடும் பூட்டு வேண்டும்தான். ஆனால் அதைப் போடவும் திறக்கவும் உரிமை வீட்டுக்காரருக்கு இருக்கவேண்டும்.

கடைக்காரர்கள் சண்டையே வெளியே வந்த தருணம் 2011 டிசம்பர். அமெரிக்காவில் இணையத் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க என்று வந்த சோப்பா மசோதாவை கோடாடி என்ற பெரிய ரெஜிஸ்ட்ரார் ஆதரித்தது என்று ஜனங்கள் கொதித்தார்கள். கோடாடி பின்வாங்கியது, ஆனாலும் டிசம்பர் 29-ஐ டொமைனை மாற்றும் நாளாக அறிவித்தார்கள். போட்டி ரெஜிஸ்ட்ராரான நேம்சீப் தள்ளுபடியோடு கதவைத் திறந்து வைத்தது. அந்த நாள் வருவதற்கு முன்பே, டொமைன் யாருடையது என்று காட்டும் வூயிஸ் பதிவேட்டுத் தகவலை கோடாடி அரைகுறையாகத் தந்து மாற்றல்களைத் தாமதப்படுத்துகிறது என்று நேம்சீப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டியது. அது எல்லாருக்கும் வைத்திருக்கும் வழக்கமான கட்டுப்பாடுதான், எத்தனை முறை தகவல் கேட்கலாம் என்பதற்கு என்றது கோடாடி. யார் சொன்னது உண்மை என்ற பஞ்சாயத்துக்கு நான் போகவில்லை. என்னைப் பொறுத்தவரை விஷயம் வேறு. வாடிக்கையாளர் போவதற்கு, போகக்கூடாது என்று நினைப்பவரின் கம்ப்யூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லவேண்டியிருந்தது. இருவரும் மகாத்மாக்களாக இருந்தாலும் இந்த அமைப்பில் சந்தேகம் வந்தே தீரும்.

2018-இல் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் வந்ததும் வூயிஸில் பெயரும் இமெயிலும் மறைந்தன. அதுவரை புதிய ரெஜிஸ்ட்ரார் அதைப் பார்த்து உரிமையாளருக்கு நேரடியாக மெயில் போட்டு உறுதி செய்வார். அந்த வழி அடைபட்ட பிறகு மிஞ்சியது ஆத் கோடு ஒன்றுதான். அது பழைய கடைக்காரரின் கல்லாவில் இருக்கிறது.

இனி நம் ஊர் செல்போனுக்கு வாருங்கள். நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் யூபிசி என்ற கோடு வரும். ஆரம்பத்தில் அந்தக் கோடைத் தந்தது நாம் விட்டுப் போகிற கம்பெனிதான். கோடு கொடுத்துவிட்டு, பின்னால் ஏதோ காரணம் சொல்லி நிராகரித்ததும் நடந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் என்ன செய்தது? 2019 டிசம்பரிலிருந்து கோடை உருவாக்கும் வேலையை நம்பர் மாற்றலை நடத்தித் தரும், நடுவில் இருக்கும் எம்என்பி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. பாக்கி இருக்கிறதா, 90 நாள் ஆயிற்றா என்பது போன்ற குறிப்பிட்ட கேள்விகளை அது பழைய கம்பெனியின் கம்ப்யூட்டரிடம் கேட்கும். பதில் சரியாக இருந்தால் கோடு உடனே வரும். பழைய கம்பெனி நம்மைப் பார்த்து "ஏன் போகிறீர்கள்?" என்று கேட்டு அழலாம். கோடை நிறுத்தி வைக்க முடியாது.

டொமைனுக்கும் இதையே செய்யலாம் என்பது என் கட்சி. ரெஜிஸ்ட்ரார்களுக்கு மேலே ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று இருக்கிறது; .காம் பெயர்களுக்கு வெரிசைன். நான் எந்தக் கடையில் இருந்தாலும் அதற்குப் போய்ச் சேரவேண்டிய பங்கு போய்ச் சேரும். நான் போவதிலோ இருப்பதிலோ அதற்கு லாபநஷ்டம் இல்லை. கோடு அங்கிருந்து வரட்டும்.

விவரம் தெரிந்தவர்கள் உடனே கேட்பீர்கள்: .காம் ரெஜிஸ்ட்ரியிடம் உரிமையாளர் பெயரே கிடையாதே, அது ரெஜிஸ்ட்ராரிடம்தானே இருக்கிறது? வாஸ்தவம். எம்என்பி நிறுவனத்துக்கும் என் வீட்டு விலாசம் தேவைப்படவில்லை. கேட்கவேண்டிய கேள்விகளை முன்கூட்டியே முடிவு செய்து, பதிலை மனிதர் கையிலிருந்து எடுத்து மிஷின் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பிரிட்டனில் .யூகே பெயர்களை நடத்தும் நாமினெட், பழைய கடைக்காரர் ஒத்துழைக்காவிட்டால் உரிமையாளர் நேரடியாகத் தன்னிடமே வந்து ஒரு கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள வழி வைத்திருந்தது. மேல்முறையீடு என்று ஒரு கதவு இருந்தாலே கீழே இருப்பவர் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்வார்.

ஐகேன் வட்டாரத்திலும் அசைவு இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மறுஆய்வு, உரிமையாளர் மாற்றத்துக்கான 60 நாள் பூட்டை எடுத்துவிடவும், புதிதாக வாங்கிய அல்லது மாற்றிய டொமைனுக்கான காத்திருப்பை 30 நாளாக்கவும், கோடுக்கு 14 நாள் ஆயுள் வைக்கவும் பரிந்துரைத்திருக்கிறது. நல்லது. ஆனால் கோடு தர ஐந்து நாள் அவகாசம் அப்படியே இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் சில எழுத்துகளைக் கோத்துத் தர ஐந்து நாள்!

அதுவரைக்கும் ஒரே ஒரு புத்திமதி, எங்கள் காசில் கற்றது: முதலில் கடையை மாற்றுங்கள், பெயரை அப்புறம் மாற்றுங்கள். காலாவதிக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். டொமைன் எந்த இமெயிலில் இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

மாமாவின் டொமைன் போன வாரம் புது இடத்துக்கு வந்துவிட்டது. நேற்று போன் பண்ணி, .இன் என்று முடிகிற இன்னொரு பெயரும் அந்தத் தம்பி கணக்கில் இருக்கிறதாம், அதையும் "சுலபமாக" மாற்றிக்கொடு மாப்ள என்கிறார்.