வலது பக்க ஜன்னல் சீட்

ஸ்காட்லாந்துப் பேருந்துச் சுற்றுலா பற்றிய உங்கள் பதிவில், எடின்பரோவிலிருந்து ஒரே நாளில் கிளென்கோ பள்ளத்தாக்கு, லோக் நெஸ் ஏரி, அதன் கரையிலுள்ள அர்க்கர்ட் கோட்டை மூன்றையும் பார்த்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்கலாம்தான். ஆனால் பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் பெரும்பகுதி பேருந்துக்குள்தான் கழியும் என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். நாங்கள் போனது அக்டோபரில். இருட்டிய பிறகுதான் திரும்பினோம், முட்டி இரண்டும் மரத்துப்போய்விட்டது.

போகிறவர்களுக்கு ஒன்று: வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். ஏ82 சாலையில் வடக்கே போகும்போது லோக் நெஸ் அந்தப் பக்கம்தான் வரும். ஏரி நீலமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மலையிலிருந்து கரைந்து வரும் கரிமண்ணால் தண்ணீர் கிட்டத்தட்ட பால் விடாத டீ நிறம். ஆழம் 200 மீட்டருக்கு மேல். அப்புறம் இந்த ஏரியில் இருப்பதாகச் சொல்லும் பூதம் எப்படிக் கண்ணில் படும்!

எனக்கு மனதில் நின்றது கிளென்கோதான். 1692 பிப்ரவரியில், தங்களைப் பன்னிரண்டு நாள் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்ட மெக்டொனால்டு குலத்தாரை விடியுமுன் அரசுப் படையினர் வெட்டிய இடம். வழிகாட்டி அதைச் சொல்லி முடித்ததும் பேருந்தில் ஒரு சத்தமில்லை. வெளியே மழை, மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள். அங்கே கிடைத்தது பதினைந்தே நிமிடம். அர்க்கர்ட் கோட்டையின் நினைவுப்பொருள் கடையில் மட்டும் முக்கால் மணி நேரம் போனது. அந்தக் கோட்டையையும் அதே 1692இல்தான், எதிரி கைக்குப் போகக்கூடாதென்று காவல்படையே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனது.