கெயில் ‘32 கிலோபைட்’ தடை: கிராக் தேவையில்லை

“எஸ்டிஎம்32 போர்டை முழுசாகச் சோதித்து ரிவ்யூ எழுத கெயில் எம்டிகேயின் கிராக் வேண்டும்; இலவசப் பதிப்பு 32 கிலோபைட்டோடு நின்றுவிடும்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இதில் பாதி பழைய உண்மை, மீதி தவறு. (எஸ்டிஎம்32 என்பது ஒருவகை மைக்ரோகண்ட்ரோலர் சிப்; கெயில் எம்டிகே என்பது அதற்கு நிரல் எழுதும் மென்பொருள்; கிராக் என்பது உரிமத் தடையைத் திருட்டுத்தனமாக உடைக்கும் கோப்பு.)

எம்டிகேயின் இலவச ‘லைட்’ பதிப்பில் அந்த வரம்பு உண்டு. நிரல் 32 கிலோபைட்டைத் தாண்டினால் லிங்கர் (நிரல் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கருவி) ‘எல்6050யூ’ என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும். பலர் கிராக் தேடிப் போவது இந்த இடத்தில்தான்.

ஆனால் 2022-இல், கெயிலை நடத்தும் ஆர்ம் நிறுவனம் எம்டிகே கம்யூனிட்டி பதிப்பை வெளியிட்டது. அதில் நிரல் அளவுக்கு வரம்பு இல்லை, கட்டணமும் இல்லை. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்பதே நிபந்தனை. பொழுதுபோக்காகப் போர்டு வாங்கிச் சோதிப்பவருக்கு இது தாராளம். கெயிலில் நிரல் எழுதும் திரையான யூவிஷனின் லைசென்ஸ் மேனேஜ்மென்ட் பகுதியிலேயே இதைச் செயல்படுத்திக்கொள்ளலாம்.

காசு வாங்கிக்கொண்டு ரிவ்யூ செய்கிறீர்களா? அப்போது உரிமத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். கெயிலே வேண்டாமென்றால், ஜிசிசி கம்பைலரோடு (நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கருவி) வரும் எஸ்டிஎம்32க்யூப்ஐடிஇ என்ற மென்பொருளும் இலவசம்தான். அதிலும் நிரல் அளவு வரம்பு கிடையாது.

ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் கிராக் கோப்பை மட்டும் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.