“கேன் ஆர் நாட்?”

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த எந்தத் தமிழனிடமும் இங்கே முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை எது என்று கேட்டுப் பாருங்கள். ‘கேன்’ என்பான்.

“திஸ் ஒன் கேன் ஆர் நாட்?”

“கேன் பாஸ்.”

கேள்வி முழுசாகப் புரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நான் 2007-ல் வந்தபோது ஒரு நாள் சம்பளம் 16 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அப்பாவின் இரண்டு மா நிலம் அடமானத்தில் கிடந்தது. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் ஒருவனுக்கு ‘கெனாட்’ (முடியாது) என்ற சொல் நாக்கில் வராது. ஆறாவது மாடி ஓரத்தில் நிற்கச் சொன்னாலும் கேன்தான், லேசாகப் புகையும் மெஷினைத் தொடர்ந்து ஓட்டச் சொன்னாலும் கேன்தான்.

இன்றைக்கு நான் ஒரு கட்டுமானத் தளத்தில் சேஃப்டி கோஆர்டினேட்டர். தினமும் காலையில் வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நின்று பேசுகிறவன். அதனால் பாதுகாப்புப் பயிற்சியை நான் குறைத்துப் பேசினால், என் பிழைப்பை நானே குறைத்துப் பேசுகிறேன் என்று அர்த்தம். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 28 வேலையிடப் பாதுகாப்புக்கான உலக நாள். எங்கள் தளத்திலும் பேனர் கட்டினார்கள். அதில் தமிழில் “தனிநபர் பாதுகாப்பு உபகரணங்களை முறையாக அணிக” என்று இருந்தது. பக்கத்தில் நின்ற அறந்தாங்கித் தம்பி என்னைக் கேட்டான்: “அண்ணே, இது என்ன சொல்லுது?” பெல்ட் போடு, ஹெல்மெட் போடு, ஷூ போடுன்னு சொல்லுதுடா என்றேன். “அதை அப்படியே எழுதியிருக்கலாமேண்ணே.” எழுதியிருக்கலாம்தான். இங்கே ஒட்டும் தமிழ் போஸ்டர்களில் பாதி, தமிழ் தெரிந்தவன் எழுதி, தமிழ் தெரியாதவன் சரிபார்த்து, தமிழ் பேசுகிறவன் படிக்காமல் விடும் ரகம். சாரத்தில் ஏறுகிறவனுக்கு ‘வீழ்ச்சித் தடுப்பு அமைப்பு’ தெரியாது. ‘ஹூக் மாட்டு’ தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விழும்போது பிடித்து நிறுத்தும் பெல்ட்டைப் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நானும் பல வருஷம் நம்பினேன். 2012-ல் பொங்கோல் பக்கம் ஒரு தளத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரத்தநாட்டுப் பையன் நாலு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தான். பெல்ட் போட்டிருந்தான், ஹூக்கும் மாட்டியிருந்தான், அப்படியும் தரையில்தான் வந்து விழுந்தான். எப்படி என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. “பெல்ட் சரியில்ல” என்று பேசிக்கொண்டோம். பெல்ட்டில் ஒரு குறையும் இல்லை. அவன் ஹூக்கைக் காலடிக் கம்பியில் மாட்டியிருந்தான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். பெல்ட்டையும் ஹூக்கையும் இணைக்கும் கயிறு 2 மீட்டர். விழும் வேகத்தைத் தாங்க ஷாக் அப்சார்பர் பிரிந்து நீள்வது 1.75 மீட்டர் வரை. முதுகில் இருக்கும் வளையத்திலிருந்து பாதம் வரைக்கும் ஒன்றரை மீட்டர். அதற்குக் கீழே கொஞ்சம் இடைவெளி வேண்டாமா? ஒரு மீட்டர் வையுங்கள். மொத்தம் ஆறு மீட்டருக்கு மேல் வருகிறது. நாலு மீட்டர் உயரத்தில் காலடியில் ஹூக் மாட்டினால், கயிறு உங்களைப் பிடிப்பதற்குள் தரை பிடித்துவிடும். தலைக்கு மேலே மாட்டியிருந்தால் விழும் தூரமே பெரும்பாலும் இருக்காது, தொங்கியிருப்பான். அப்படித் தொங்குகிறவனையும் சில நிமிடங்களில் இறக்கியாக வேண்டும். அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கிவிடும். ‘எப்படி இறக்குவது’ என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கும் தளங்களை என் விரலால் எண்ணிவிடலாம்.

இதெல்லாம் சேஃப்டி கோர்ஸில் சொல்கிறார்கள். தமிழிலேயே சொல்கிறார்கள். வாத்தியார்களில் சிலர் உண்மையிலேயே கெட்டிக்காரர்கள். அன்றைக்கு அந்தத் தளத்தில் தலைக்கு மேலே மாட்டுவதற்குக் கம்பியே இல்லை என்பதுதான் கதை. ஹூக் மாட்டுவதற்கான லைஃப்லைன் கயிறு கட்ட அரை நாள் ஆகும், கான்கிரீட் மதியமே வருகிறது. “கேன் ஆர் நாட்?” என்று கேட்டார்கள். “கேன்” என்று ஏறினான்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். குதிகால் வீங்கிப் போயிருந்தது. கம்பெனி கூட்டிப்போன கிளினிக்கில் இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு). மூன்றாம் நாள் ‘லைட் டியூட்டி’ என்று ஸ்டோரில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். அந்தக் காலத்தில் மூன்று நாளுக்கு மேல் எம்சி போனால்தான் மனிதவள அமைச்சுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். இரண்டு நாளின் ரகசியம் இப்போது புரிகிறதா? பத்து நாள் கழித்து அவனே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. 2020 செப்டம்பரிலிருந்து விதியை மாற்றிவிட்டார்கள். வேலையில் அடிபட்டு ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், லைட் டியூட்டி கொடுத்தாலும், சொல்லியே ஆக வேண்டும். இவ்வளவு காலத்தில் வந்த மாற்றங்களிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். பேனரை விட ஆயிரம் மடங்கு உபயோகம்.

நாட்டைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வராதீர்கள். 2004-ல் ஒரு லட்சம் பேருக்கு 4.9 என்று இருந்த வேலையிட மரண விகிதம் 2023-ல் 0.99-க்கு இறங்கியது. நம் ஊரில் கொத்தனார் சவுக்குக் கம்பு சாரத்தில் வெறுங்காலோடு, வாயில் வெற்றிலையோடு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே வந்த முதல் நாள் ஷூவும் ஹெல்மெட்டும் கையில் கொடுத்தபோது ஏதோ பட்டாளத்தில் சேர்ந்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் 2024-ல் விகிதம் மறுபடி 1.2 ஆனது. 43 பேர் இறந்தார்கள். அதில் 20 பேர் கட்டுமானத் துறையில். அபராதத்தை உயர்த்தியாயிற்று. 2024 ஜூனிலிருந்து 50 லட்சம் வெள்ளியோ அதற்கு மேலோ ஒப்பந்த மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் கேமரா கட்டாயம் ஆயிற்று. பெல்ட் போடாதவனைக் கேமரா பிடித்துவிடும். “சேப்பாட், சேப்பாட்” (சீக்கிரம், சீக்கிரம்) என்று அவனை விரட்டியவரின் வார்த்தையை அது எங்கே பிடிக்கும்?

இந்தச் சட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று புதுசாக வருகிற தம்பிகளுக்குத் தெரிவதில்லை. 2004 ஏப்ரல் 20, நிக்கல் நெடுஞ்சாலை. எம்ஆர்டி ரயிலின் வட்டப்பாதைக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து நாலு பேர் போனார்கள். தன் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுத் தான் உள்ளேயே மாட்டிக்கொண்ட ஒரு ஃபோர்மேனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். முகம் தெரியாது, இனம் வேறு, இருந்தாலும் ஏதோ ஒரு சொந்தம். அடுத்த மாதமே ஒரு கப்பல் பட்டறைத் தீயில் ஏழு பேர். அதற்கப்புறம்தான் பழைய தொழிற்சாலைச் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2006 மார்ச்சில் இப்போதைய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது.

நிக்கல் நெடுஞ்சாலை விசாரணையைப் படித்தவர்களுக்குத் தெரியும். பள்ளம் திடீரென்று சரியவில்லை. முட்டுக்கொடுத்த இரும்பு முன்னாடியே வளைந்திருக்கிறது, சுவர் நகர்வது அளவுகளில் தெரிந்திருக்கிறது, வேலை ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் துவாஸில் ஒரு பட்டறையில் நடந்த வெடிப்பும் அதே மாதிரி. மூன்று பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் நம் நாட்டுக்காரர். காற்றில் பறந்த உருளைக்கிழங்கு ஸ்டார்ச் மாவும் சேர்ந்து தீப்பிடித்தது. மாவு எரியுமா என்று வீட்டில் கேட்டார்கள். பொடியாகப் பறந்தால் எரியும், அடைத்த இடத்தில் வெடிக்கும். ஆனால் அங்கே ஓடிய மிக்சர் மெஷினில் எண்ணெய் கசிந்ததும், சின்னச் சின்னதாகத் தீப்பிடித்ததும் அதற்கு முன்பே நடந்தவை என்று விசாரணையில் வெளிவந்தபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. மெஷின் பல தடவை ‘கெனாட்’ சொல்லியிருக்கிறது.

நம் பக்கமும் குறை இருக்கிறது. “பதினஞ்சு வருஷமா பண்றேன், எனக்குச் சொல்லித் தர்றியா” என்கிற வீறாப்பு இருக்கிறதே, அது நம் ஆட்களிடம் கொஞ்சம் அதிகம். “நேரம் வந்தா கட்டில்ல படுத்திருந்தாலும் போகும்” என்று ஒரு சித்தாந்தம் வேறு. போகட்டும் மாமா, கட்டிலில் படுத்திருக்கும்போதே போகட்டும். நாலாவது மாடியிலிருந்து எதற்கு?

டூல்பாக்ஸ் மீட்டிங்கைப் பற்றி உண்மையைச் சொல்லட்டுமா? நாலரை மணிக்கு எழுந்து, முதல் நாள் இரவு கட்டிய சோற்றை எடுத்துக்கொண்டு, லாரியின் பின்னால் தூங்கி விழுந்து வந்து நிற்கிற ஆள் அவன். (அந்த லாரிப் பயணமே ஒரு தனிப் பதிவுக்கு ஆகும். 2021 ஏப்ரல் 20, தீவு விரைவுச்சாலையில் நின்ற வண்டிமேல் மோதி, பின்னால் உட்கார்ந்து வந்தவர்களில் இரண்டு பேர் இறந்தார்கள். அவர்கள் சாரத்திலும் இல்லை, குழியிலும் இல்லை.) அவனிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டுத் தாளை நீட்டுவோம். வரிசையாகக் கையெழுத்து. ஒருவன் நாலு பேருக்குச் சேர்த்துப் போடுவதையும் பார்த்திருக்கிறேன், கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன். விபத்து நடந்தால் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான். அது இருந்துவிட்டால் ஆபீசில் ஒரு பெருமூச்சு விடுவார்கள் பாருங்கள்.

அதனால் இப்போது என் பேச்சை மாற்றிவிட்டேன். புது ஆட்கள் வந்தால் வரிசையாக நிற்க வைத்து, “கேன் ஆர் நாட்?” என்று சத்தமாகக் கேட்பேன். “கெனாட்” என்று கத்த வேண்டும். முதலில் சிரிப்பார்கள். வெட்கப்படுவார்கள். சிலருக்கு அந்த வார்த்தை வரவே வராது. “கேன்... கேன்... நாட் பாஸ்” என்று ஒருவன் சொல்லி எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கெனாட் என்று நிறுத்தாமல் காரணமும் சேர்த்துச் சொல்லப் பழக்குகிறேன்: “கெனாட், நோ லைஃப்லைன்.” “கெனாட், நோ கேஸ் செக்.” பாதுகாப்பைப் பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவனை வேலையைவிட்டு எடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது, ஷூவுக்கும் பெல்ட்டுக்கும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்றும் இருக்கிறது, இதையும் சொல்கிறேன்.

ஆனால் இந்தப் பயிற்சி உண்மையில் தேவைப்படுவது அவர்களுக்கா? ‘கெனாட்’ என்று ஒருவன் சொன்னதும் முகம் சுளிக்காமல் கேட்க, சூப்பர்வைசருக்கு யார் கோர்ஸ் நடத்துவது? அவருக்கும் மேலே ஒருவர் போனில் கத்திக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

போன மாதம் இரவு ஒன்பதரைக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். இரண்டு வருஷம் முன்னால் என்னிடம் இருந்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போன ராமநாதபுரத்துப் பையன். மேன்ஹோலில் இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். கேஸ் மீட்டர் வண்டியில் இல்லை, மேலே பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. 2024 மே மாதம் சுவா சூ காங் நீர்நிலையத்தில் தொட்டி சுத்தம் செய்தபோது ஹைட்ரஜன் சல்ஃபைடு தாக்கி ஒருவர் இறந்தார், உடன் இருந்த இருவர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தச் சம்பவத்தை அப்போது வகுப்பில் சொல்லியிருந்தேன். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஓடு, வந்த நாற்றம் சட்டென்று நின்றுபோனால் இன்னும் வேகமாக ஓடு, ஏனென்றால் வாயு கூடும்போது மூக்கு செத்துவிடும், வாயு அங்கேயேதான் இருக்கும் என்று. காப்பாற்ற இறங்குகிறவனும் அதே குழியில் விழுவான் என்று. பையன் அதை மறக்கவில்லை. “கெனாட் பாஸ், நோ கேஸ் செக்னு சொல்லிட்டேன்ணே. ஒண்ணும் பேசல. முறைச்சுப் பாத்துட்டுப் போயிட்டாரு. மீட்டர் கொண்டு வந்து செக் பண்ணித்தான் அப்புறம் இறங்குனாங்க. நாளைக்கு என்ன ஆகும்ணே?”

ஒன்றும் ஆகாது, நீ செய்தது சரி, தூங்கு என்று பதில் அனுப்பினேன்.

மறுநாள் இரவு மறுபடி மெசேஜ். அவனை வேறு தளத்துக்கு மாற்றிவிட்டார்களாம். குப்பை அள்ளுகிற வேலை. அஞ்சு மணிக்கே லாரி வந்துவிடுகிறது. “நல்ல வேலைதாண்ணே, கஷ்டமில்ல. ஆனா ஓவர்டைம் கிடையாது.”

மாதத்துக்கு எவ்வளவு குறையும் என்று கேட்டேன். முன்னூறு வெள்ளி கிட்ட என்றான். அடுத்த வாரம் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பார்த்தபோது, சாப்பிட்டதற்குக் காசு கொடுக்க அவனை நான் விடவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.