மூன்றாவது கை

உலகப் புகழ்பெற்ற ஓவியம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் காலையில் உட்கார்ந்து தன் வேலையைத் தொடங்கியவர் யாரையும் எனக்குத் தெரியாது. மலைப்பு வரும், நாலு போட்டோ வரும், அதோடு சரி. கை துறுதுறுப்பது வேறு விஷயம். அது எனக்கு நடந்தது உள்ளூர் ஓவியக் காட்சிக்கூடத்தில், அதுவும் கழிவறைக்குப் போகிற வழியில் மாட்டியிருந்த ஒரு படத்தின் முன்னால்.

ஒரு கிழவி ஊசியில் நூல் கோக்கிறாள், அவ்வளவுதான் படம். வரைந்தவர் பெயர் நான் கேள்விப்படாதது. சுமாரான படம் என்று முதலில் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். முகம் சரியாக வரவில்லை, பின்சுவர் அட்டை மாதிரி நிற்கிறது. ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தபோது, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்த இடத்தில், மடியருகே இன்னொரு கை தெரிந்தது. பழுப்பு வண்ணத்துக்கு அடியில் விரல்களின் மேடு, கட்டைவிரல் நகம்கூட. முதலில் ஊசியை மடியில் வைத்துக் கோப்பதாக வரைந்திருக்கிறார், அப்புறம் மனம் மாறி அந்தக் கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிவிட்டார். கிழவிக்குப் பார்வை மங்கல் என்பதே அந்த ஒரு திருத்தத்தில்தான் படத்துக்குள் வந்திருக்கிறது!

பெரிய ஓவியர்களின் கைகளும் இப்படித்தான் தடுமாறியிருக்கின்றன. எண்ணெய் வண்ணம் வயதாக ஆக மெல்ல ஒளி ஊடுருவக்கூடியதாகிவிடும், மூடியது வெளியே வரும். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்குவெஸ் 1635 வாக்கில் வரைந்த, ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப் குதிரைமேல் அமர்ந்திருக்கும் படத்தில் பழைய குதிரைக்கால்கள் மங்கலாகத் தெரிகின்றன. மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிக்காசோவின் 'கிழட்டுக் கிட்டார் கலைஞன்' (1903-04) படத்தில் கிழவரின் கழுத்துக்கு மேலே ஒரு பெண்ணின் முகம் வெறும் கண்ணுக்கே லேசாகத் தட்டுப்படும், எக்ஸ்ரேயில் அவள் நன்றாகவே தெரிந்தாள். இதெல்லாம் முன்பே படித்ததுதான். படித்தபோது ஒன்றும் ஆகவில்லை.

நான் கதை எழுதுகிறவன், கணினியில். பிடிக்காத வரியை அழித்தால் சுவடே இருக்காது. அதனால் மற்றவர்கள் எழுதியதைப் படிக்கும்போது எல்லாம் பிறக்கும்போதே அப்படிப் பிறந்த மாதிரியும், எனக்கு மட்டும்தான் வராத மாதிரியும் தோன்றி, பாதியில் நின்றவை நிறைய. பழைய பிரதிகள் கணினியில் பத்திரமாக இருக்குமே என்பீர்கள், இருக்கும், யார் திறந்து பார்க்கிறார்கள்? அன்று மாலையே நோட்டு ஒன்றை எடுத்து, கிடப்பில் போட்டிருந்த கதையைப் பேனாவால் தொடங்கினேன். வேண்டாத வரிக்கு ஒற்றைக் கோடு, அவ்வளவுதான், கிறுக்கி மறைப்பதில்லை. முதல் பக்கத்தில் அடித்த ஒரு வாக்கியம் பிற்பாடு வேறொரு பாத்திரத்தின் வாயில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. திரையில் எழுதியிருந்தால் அது எப்போதோ போயிருக்கும்.

காட்சிக்கூடக்காரர்கள்மேல் எனக்கு ஒரே ஒரு குறை. ஓவியர் எங்கே பிறந்தார், என்ன விருது வாங்கினார் என்று அட்டையில் எழுதி வைக்கிறார்கள், எதை மாற்றினார் என்று ஒரு வரி கிடையாது. போதாததற்கு உச்சியிலிருந்து பளீரென்று விளக்கு வேறு, மேடு பள்ளம் எல்லாம் அதில் செத்துப்போகிறது. அடுத்த முறை போகும்போது அந்த விளக்கைக் கொஞ்ச நேரம் அணைக்க முடியுமா என்று கேட்கப் போகிறேன். துரத்திவிட்டால் அதையும் இங்கே எழுதுகிறேன்.