எனக்கு மட்டும் புள்ளி இல்லை

பிள்ளையார்பட்டிக்குப் போனால் யாராவது ஒரு ஆச்சி கையைப் பிடித்துக்கொள்கிறார். "தம்பி, இன்னும் புள்ளி ஆகலையா?" நேற்றும் இதே கேள்விதான்.

நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களான எங்களுக்கு ஒன்பது கோயில்கள். கல்யாணம் ஆனால்தான் கோயில் கணக்கில் ஒருவன் புள்ளி. எனக்கு வயது 42, ஆண்களை நேசிப்பவன். அது குற்றமில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் எங்களைப் போன்றவர்களின் திருமணத்தை 2023-இல் அது அங்கீகரிக்கவில்லை. அப்புறம் நான் எங்கே போய்ப் புள்ளி ஆவது?

பக்தியில் நான் யாருக்கும் குறைந்தவனில்லை. பிள்ளையார் நோன்பன்று 21 நூல் இழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். நாக்கில் அந்தச் சூடு படும் நொடியில் எனக்குக் கண் கலங்கிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

என் கதைகளையும் ஊரில் படிக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் வளவு, பட்டாலை, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் எல்லாம் அப்படியே கண்முன் வருகிறதாம். அதில் வரும் இரண்டு ஆண்களைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதுதான் ரொம்ப வலிக்கிறது.

பன்னிரண்டு வருடமாக என்னோடு வாழ்பவர் நேற்று அர்ச்சனைத் தட்டோடு பக்கத்திலேயே நின்றார். ஆச்சி அவரிடம், "நீயாவது உன் சிநேகிதனுக்கு எடுத்துச் சொல்லப்பா" என்றார். அவர் தலையாட்டினார். தட்டிலிருந்த தேங்காய் மூடி ஆடிக்கொண்டே இருந்தது.