எட்டாம் எடம்னா எளக்காரமாலே?

ஹைடன்ஹைம்னு ஜெர்மனியில ஒரு ஃபுட்பால் கிளப்பு. அந்தப் பேரைச் சொன்னாப் போதும், எங்க பாளையங்கோட்டை டீக்கடையில ஒரு கூட்டம் சிரிக்கும். "அது என்னலே, தலைவலி மாத்திரை பேரு மாதிரி"ங்கான் ஒருத்தன். சரி, சிரிங்க. ஆனா அந்தச் சிரிப்பு ஒரு சீசன் முழுக்க ஓடிச்சி பாருங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

2023-24தான் ஜெர்மனியோட முதல் டிவிஷன்ல, புண்டஸ்லிகாவுல, அந்த கிளப்புக்கு மொத மொத சீசன். ஆகஸ்ட் பொறந்து பந்து உருளுறதுக்குள்ளயே இவனுவ தீர்ப்பு எழுதிட்டானுவ: வந்த வேகத்துல கீழ போயிரும்னு. மொத மேட்ச் வோல்ஃப்ஸ்பர்க்ல 0-2. ரெண்டாவது, சொந்த கிரவுண்டுல ஹோஃபன்ஹைம்கிட்ட 2-3. வாட்ஸப் குரூப்ல ஒரே சங்கு ஸ்டிக்கரு. மூணாவது மேட்ச் பெரிய டீமான டார்ட்மண்ட் கிரவுண்டுல. 0-2ன்னு பின்னாடி கெடந்தவனுவ ரெண்டு கோலைத் திருப்பிக் குடுத்து டிரா பண்ணுனானுவ. அன்னைக்கு குரூப்ல ஒரு ஸ்டிக்கர் வரணுமே? ம்ஹூம். "டார்ட்மண்ட் இப்போ ரொம்ப மோசம்"னு ஒரே ஒரு மெசேஜ்.

இந்தப் புத்திதான்யா எனக்கு ஆகல. சின்னவன் தோத்தா அவன் தகுதி அவ்வளவுதான். சின்னவன் ஜெயிச்சா பெரியவனுக்கு அன்னைக்கு ஒடம்பு சரியில்ல. அப்போ அவன் ஆடுனது எந்தக் கணக்குலவே வரும்?

அவனுவ மேல வந்த கதையாவது இவனுவளுக்குத் தெரியுமா? 2023 மே 28, ரேகன்ஸ்பர்க்ல கடைசி மேட்ச். தொண்ணூறு நிமிஷம் முடிஞ்சும் பின்னாடிதான். அங்க இன்னொரு ஊர்ல போட்டிக்கு நின்ன ஹாம்பர்க் டீம் ரசிகருவ தாங்கதான் மேல போறோம்னு கிரவுண்டுக்குள்ள எறங்கிக் கொண்டாடிக்கிட்டு இருக்காவ. இங்க இஞ்சுரி டைம்ல பெனால்டி ஒண்ணு, பொறவு ஸ்ட்ரைக்கர் கிளைன்டீன்ஸ்ட் ஒண்ணு. 3-2. ரெண்டாவது டிவிஷன் சாம்பியனே இவனுவதான்.

2024 ஏப்ரல் 6ஐ மட்டும் நான் மறக்கவே மாட்டேன். நம்ம நேரம் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெர்மனியிலயே பெரிய டீமான பேயர்ன் மியூனிக் ஹைடன்ஹைமுக்கு வருது. டீக்கடை டிவியில ஐபிஎல், ஜெய்ப்பூர் மேட்ச். அன்னைக்குக் கோலியும் சதம், பட்லரும் சதம், நல்ல ஆட்டந்தான், நான் குறை சொல்லல. நான் ஒரு மூலையில செல்போனை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். பேயர்ன் பக்கம் கேன் ஒரு கோல், நாப்ரி ஒரு கோல், பாதி ஆட்டத்துல 0-2. எதுத்த பெஞ்சு பேயர்ன் ரசிகர் என்னைப் பாத்து ஒரு இளிப்பு. இடைவேளை முடிஞ்சி 50ஆவது நிமிஷம் ஹைடன்ஹைம் செஸ்ஸா ஒண்ணு. 51ல கிளைன்டீன்ஸ்ட். 79ல மறுபடியும் அவனே. 3-2! நான் போட்ட சத்தத்துல அண்ணாச்சி கையில இருந்த டீ கொட்டிப் போச்சி. இளிச்சவரு என்ன சொன்னாரு தெரியுமா? "எங்க ஆளுவ செவ்வாக்கெழமை ஆர்சனல் மேட்சை மனசுல வச்சி ஆடுனாவ."

எங்க ஆளுவளாம்! மியூனிக்ல எந்தத் தெருவுலே நீ பொறந்த? நீ பொறந்தது மேலப்பாளையம். நீ மட்டும் ஹைடன்ஹைமான்னு என்னைத் திருப்பிக் கேப்பானுவ. இல்லதான். ஆனா நான் எவனையும் எங்க ஆளுன்னு சொல்லிக்கிட்டு அடுத்தவன் கோலைக் களவாங்கல.

சீசன் முடிவுல 42 பாயிண்ட், எட்டாவது எடம். லெவர்குசன் டீமே லீக்கையும் ஜெயிச்சி ஜெர்மன் கப்பையும் ஜெயிச்சதால, கப்புக்குள்ள எடம் கீழ எறங்கி, எட்டாவது எடத்துக்கே ஐரோப்பா கிளப்புவ மோதுற கான்ஃபரன்ஸ் லீக் வாய்ப்பு வந்திச்சி. உடனே "அதிர்ஷ்டம்"னானுவ. ஏம்வே, 34 மேட்ச்சும் அதிர்ஷ்டத்துலயா ஆடுவான்? கோச் ஃபிராங்க் ஷ்மிட் அதே ஊர்க்காரரு. 2007ல கிளப் நாலாவது டிவிஷன்ல கெடக்கும்போது எடுத்தவரு, பதினாறு வருஷம் தள்ளி உச்சிக்குக் கொண்டுவந்தாரு. நம்ம ஆளுவ ஒரு கோச்சுக்கு நாலு மேட்ச் தவணை குடுப்பானுவளா?

அந்த ஊர்ல ஜனமே ஏறக்கொறைய 50,000 பேரு. ஸ்டேடியத்துல 15,000 பேருக்கு எடம். மூணுல ஒருத்தருக்கு. திருநெல்வேலி மாநகராட்சியில 2011 கணக்குப்படியே நாலே முக்கால் லட்சம் பேருக்குக் கிட்ட. அதே கணக்குப் போட்டா நம்ம ஊருக்கு ஒண்ணரை லட்சம் பேரு கொள்ளுற ஸ்டேடியம் வேணும். அவ்வளவெல்லாம் வேண்டாம்வே. ஞாயித்துக்கெழமை காலையில பயலுவ மேட்ச் ஆடும்போது கோட்டுக்கு வெளியில ஒரு நூறு பேரு நின்னாப் போதும். நிக்க மாட்டானுவ. ஆனா டீக்கடையில உக்காந்து "நம்ம நெல்லைக்குன்னு ஒரு டீம் இல்லையே"ன்னு மூக்கால அழுவானுவ.

போன வாரம் நம்ம பேயர்ன் ரசிகர் செவப்பு ஜெர்சி போட்டுக்கிட்டு பைக்ல கிரவுண்டு ஓரமா வந்தாரு. வண்டியை நிறுத்தாமலே "யாருலே ஜெயிக்கா?"ன்னு கேட்டாரு. நான் வாயைத் தொறக்கதுக்குள்ள ஹைகிரவுண்டு திருப்பத்துல ஆளைக் காணோம். சவத்துப்பய.