வேதத்தில் 365 முறை 'பயப்படாதே' வருகிறதா?

"வேதாகமத்தில் 'பயப்படாதே' சரியாக 365 முறை இருக்கிறது, நாளுக்கு ஒன்று" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. அது உண்மையல்ல. ஒத்தவாக்கிய நூலை (எந்தச் சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் அகராதி) வைத்துக்கொண்டு 'பயப்படாதே', 'பயப்படாதிருங்கள்' இரண்டையும் சேர்த்து எண்ணினாலும் அதில் பாதிகூடத் தேறாது.

சரி, அதனால் ஆறுதல் குறைந்துவிடுமா? அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தில், பிலிப்பியர் 4:6-ஐப் பாருங்கள். கவலைப்படாமல், 'எல்லாவற்றையுங்குறித்து' தேவனிடம் தெரியப்படுத்தச் சொல்கிறார் பவுல், அதுவும் காவலில் இருந்துகொண்டு! அந்த 'எல்லாவற்றிலும்' பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் அடங்கும், நாளை வரவேண்டிய ஸ்கேன் ரிப்போர்ட்டும் அடங்கும். மாதக் கடைசியில் சமையல் கேஸ் தீர்ந்துபோனதைக்கூட என் அம்மா முழங்கால்படியிட்டுத்தான் சொல்வார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோல.